கடைசி உருப்படி

ஆறு வருஷமாகப் போகிறேன்
கோட்டைப் பூங்காவில் தை மாதத்து இசை விழாவுக்கு.
ஒருமுறைகூட முடிவைக் கேட்டதில்லை.
ராணிப்பேட்டைக்குக் கடைசி டவுன் பஸ் ஒன்பது நாற்பது.
ஒன்பது இருபதுக்கே செருப்பைத் தேட ஆரம்பிக்க வேண்டும்.
இருட்டுப் புல்லில் ஊர்ப்பட்ட செருப்பு,
எல்லாமே நான் தைத்ததுபோல் இருக்கும்.

தைப்பதுதான் வேலை. ஷூவின் மேல்தோல்.
வலது காதோரம் மிஷின் என்பதால்
அந்தக் காது மட்டும்
ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கும்.
அதற்காகத்தான் வருகிறேன் என்றால்
சபுரா சிரிக்கிறாள்:
சத்தத்துக்கு மருந்து சத்தமாடீ?

நாங்கள் உட்காருவது அகழிப் பக்கம்.
முன்வரிசை நாற்காலிகளுக்குப் பாஸ் வேண்டும்,
சூப்பர்வைசர் எத்திராஜிடம் இரண்டு இருந்தது,
கேட்கவில்லை.
அகழி ஓரம் உட்கார்ந்தால் தவில் இரண்டு தரம் விழும்.
மேடையிலிருந்து ஒரு அடி.
கோட்டைச் சுவரில் முட்டித் தண்ணீர் தாண்டி
கொஞ்சம் நனைந்து வரும் இன்னொன்று.
சபுராவுக்கு முதல் அடி.
எனக்கு அந்த நனைந்தது.

இந்த வருஷம் கூத்துக்காரர் ஒருவர்
முகவீணையோடு ஏறினார்.
பக்கத்தில் கீபோர்டு வைத்த பையன்
அவரைத் துரத்திப் பார்த்தான், பாவம்.
பஞ்சுமிட்டாய்க்காரன் மணியடிக்க மறந்து நின்றான்.
ஒரு குழந்தை அதைப் பயன்படுத்திக்கொண்டது.

எங்களை ஒட்டி ஒரு வங்காளி.
ஆஸ்பத்திரியின் பெரிய எக்ஸ்ரே உறையைக்
கைக்குட்டை விரித்து அதன்மேல் வைத்துவிட்டு
தான் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தார்.
கொசு கடித்த இடத்தைத் தாளம் தப்பாமல் சொறிந்தார்.
யாருக்கு என்று உருதுவில் கேட்டாள் சபுரா.
மனைவிக்கு. நாளைக் காலை ஏழு மணிக்கு.
அதற்கு மேல் எந்த பாஷையிலும் பேச்சு வரவில்லை.
சுண்டலை நீட்டினோம்.
இரண்டு கடலை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது இருபது.
செருப்பு. ஓட்டம். பஸ்.

அண்ணா சாலையில் பஸ் நின்றது,
நின்றேவிட்டது.
கரும்பு லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடக்கிறதாம்.
டிரைவர் ஏழுமலை இன்ஜினை அணைத்தார்.
அணைத்த பிறகுதான் தெரிந்தது
ஜன்னல் முழுக்கப் பாட்டு.
சில்லறை குலுங்காமல்
பையை அணைத்துப் பிடித்துக்கொண்டார் கண்டக்டர்.
கீழே அந்த வங்காளி
உறையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
வண்டிகளுக்கு நடுவே கடந்து போனார்,
ஆற்றில் இறங்கியவர் மாதிரி.

கைதட்டல். பிறகு அமைதி.
இதோ, இதுதான்,
ஆறு வருஷம் பாதியில் விட்டுவிட்டு வந்தது.
ராத்திரிகளில் எத்தனை விதமாய்
நானே அதைத் தைத்துப் பிரித்திருக்கிறேன்,
பெண் குரலாக, குழலாக,
ஒரு தரம் வெறும் மழையாகக்கூட.

மைக் கரகரத்தது.
நாற்காலி தந்த நகைக்கடைக்கு நன்றி.
குடிநீர் தந்த அரிசி மண்டிக்கு நன்றி.
காவல்துறைக்கு, மின்வாரியத்துக்கு,
பந்தல் போட்ட சகோதரர்களுக்கு நன்றி.
நீல நிற ஸ்கூட்டர் வழியை மறிக்கிறது,
உரியவர் உடனே எடுக்கவும்.

பஸ்ஸே சிரித்தது.
சபுரா முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடித்துக்கொண்டு சிரித்தாள்.
நானும்தான். கண்ணில் நீர் வரும்வரை.

விளக்குகள் ஒவ்வொன்றாய் அவிந்தன.
நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச்
செருகும் சத்தம்.
அப்போது, மைக் இல்லாமல்,
முகவீணை ஒரே ஒரு தரம்.
நாக்கைத் துடைத்து ஊதிப் பார்த்தாரோ,
யாரையாவது கூப்பிட்டாரோ,
பாட்டில் சேர்த்தியா தெரியாது.
சபுராவின் கையை அழுத்தினேன், பேசாதே என்று.
இனி சுவர் சொல்ல வேண்டும்.

ஏழுமலை சாவியைத் திருகினார்.